வண்டலூர் உயிரியல் பூங்கா: முதல்முறை போகிறவர்களுக்கு, மூன்று முறை போனவன் எழுதுவது

வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்காவுக்கு நான் மூன்று முறை போனேன். முதல்முறை பூட்டிய கதவைப் பார்த்தேன். இரண்டாம் முறை தூங்குகிற விலங்குகளைப் பார்த்தேன். மூன்றாம் முறைதான் பூங்காவைப் பார்த்தேன்.

தென்காசிப் பக்கத்திலிருந்து வேலைக்காகச் சென்னைக்கு வந்த குடும்பம் எங்களுடையது. எட்டு வயதில் மகன், மூன்று வயதில் மகள், முழங்கால் வலியோடு அம்மா. "ஒரு நாள் வண்டலூருக்குப் போயிட்டு வந்துடலாம்" என்று சாதாரணமாகத்தான் கிளம்பினோம். அது சாதாரண வேலை இல்லை என்று புரிய இரண்டு விடுப்பும் ஒரு சண்டையும் தேவைப்பட்டன. உங்களுக்கு அவை மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பூங்காவின் பரப்பு ஏறக்குறைய 600 ஹெக்டேர். எல்லாவற்றையும் ஒரே நாளில் பார்த்துவிடுவது என்று கிளம்பினால் எதையுமே பார்க்க மாட்டீர்கள். எந்த விலங்கை எந்த நேரத்தில் பார்ப்பது என்பதுதான் இங்கே விஷயம்.

1. நாளைத் தேர்ந்தெடுங்கள்

செவ்வாய்க்கிழமை விடுமுறை. கூட்டம் இருக்காது என்று நானாகக் கணக்குப் போட்டு, அலுவலகத்தில் விடுப்பு எடுத்து, எல்லாரையும் குளிப்பாட்டிக் கூட்டிக்கொண்டு போனது ஒரு செவ்வாய்க்கிழமை. கேட்டருகே இருந்தவர் எங்களைப் பார்த்ததுமே சிரித்துவிட்டார். தினமும் எங்களைப் போல் நாலு பேரைப் பார்ப்பார் போல. பள்ளி விடுமுறைக் காலத்தில் சில செவ்வாய்களில் திறப்பதாக அறிவிப்பு வருவது உண்டு. அறிவிப்பைக் கண்ணால் பார்த்தால் மட்டும் நம்புங்கள்.

காணும் பொங்கலன்று மட்டும் வேண்டாம். அன்று மனிதர்களைத்தான் பார்க்கலாம். குழந்தைகள் தொலைந்துவிடக் கூடாது என்று பெற்றோரின் செல்பேசி எண் எழுதிய பட்டையைக் கையில் கட்டிவிடும் அளவுக்குக் கூட்டம் வரும். ஞாயிற்றுக்கிழமைகள் அதில் பாதி. என் அனுபவத்தில் நல்ல நாட்கள் திங்கள், புதன், வியாழன், வெள்ளி. பள்ளியில் ஒரு நாள் விடுப்புச் சொல்வது தப்பு என்று நினைத்தால் சனிக்கிழமை காலை போங்கள்.

மாதமும் முக்கியம். டிசம்பர் பாதியிலிருந்து பிப்ரவரி முடிய மிகவும் நல்ல காலம். வெயில் குறைவு, ஏரியில் பறவைகள் இருக்கும். மே மாதம் விலங்குகளுக்கே தண்ணீர் பீய்ச்சிக் குளிர்விக்கிறார்கள், நமக்கு யார் பீய்ச்சுவது? அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை. புயல் எச்சரிக்கை வந்தால் பூங்காவை மூடிவிடுவார்கள். அதனால் முதல் நாள் இரவு செய்தி பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

2. கையில் என்ன இருக்க வேண்டும்

பெரிய ஆவணம் எதுவும் தேவையில்லை. ஆனாலும் ஒரு கவரில் இவற்றைப் போட்டுக்கொள்ளுங்கள்: ஒருவருடைய அடையாள அட்டை, குழந்தைகளின் வயதைக் காட்டும் ஏதாவது ஒன்று (ஆதார் நகல் போதும்), வீட்டில் மாற்றுத்திறனாளி இருந்தால் அவருடைய அட்டை. வயதைப் பொறுத்துக் கட்டணம் மாறுகிறது. கவுண்டரில் நின்றுகொண்டு "அஞ்சு முடியலைங்க, வளர்த்தி ஜாஸ்தி" என்று வாதாட வேண்டாம். பள்ளியிலிருந்து கூட்டிப் போகும் ஆசிரியராக இருந்தால் தலைமையாசிரியரின் கடிதமும் மாணவர் பட்டியலும் எடுத்துப் போங்கள். சலுகைக் கட்டணத்துக்கு அதுதான் ஆதாரம்.

செலவு எவ்வளவு? நாங்கள் கடைசியாகப் போனபோது பெரியவருக்கு 200 ரூபாய் (முன்பு 115 ஆக இருந்தது), மகனுக்கு 50, மூன்று வயதுக்காரிக்கு இலவசம். ஆக நுழைவுக்கே 650. அம்மாவும் மனைவியும் பேட்டரி வண்டியில் போனார்கள், ஆளுக்கு 150. கேமராவுக்கும் வீடியோ கேமராவுக்கும் தனிக் கட்டணம். செல்பேசியே போதும் என்பவர்கள் அதைப் பற்றி யோசிக்க வேண்டாம். வாகன நிறுத்தத்துக்கும் தனியாகக் கொடுக்க வேண்டும். ரயில், சாப்பாடு, மகனின் ஐஸ்கிரீம் எல்லாம் சேர்த்து அன்றைய செலவு 1,500-ஐத் தாண்டவில்லை. கட்டணங்கள் மாறக்கூடியவை. கிளம்பும் முன் பூங்காவின் அதிகாரப்பூர்வத் தளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

டிக்கெட்டையும் அங்கேயே எடுக்கலாம். இங்கே ஒரு பொறி இருக்கிறது. பூங்காவின் பெயரைத் தேடினால் சுற்றுலாத் தளங்கள் பல முன்னால் வந்து நிற்கும். அவற்றில் ஒன்றில் நுழைவுச் சீட்டு என்று நினைத்து "வழிகாட்டியுடன் அரை நாள் சுற்றுலா"வுக்குப் பணம் கட்டப் போய், கடைசிப் பக்கத்தில் தொகையைப் பார்த்துவிட்டுத்தான் சுதாரித்தேன். நாலு இலக்கத்தில் தொகை வந்தால் நீங்கள் தப்பான இடத்தில் இருக்கிறீர்கள் என்று பொருள்.

3. போய்ச் சேருவது

ரயில்தான் மலிவு, நிம்மதியும்கூட. கடற்கரையிலிருந்து செங்கல்பட்டு போகும் மின்சார ரயிலில் ஏறுங்கள். தாம்பரத்தை விட்டால் அடுத்தது பெருங்களத்தூர், அதற்கடுத்தது வண்டலூர். பாதி ரயில்கள் தாம்பரத்தோடு நின்றுவிடும், கவனம். பலகையில் "செங்கல்பட்டு" என்று இருக்கிறதா என்று பார்க்காமல் ஏறினால், தாம்பரத்தில் இறங்கிப் பைகளோடும் பிள்ளைகளோடும் நடைமேடை மாற வேண்டியிருக்கும். தாம்பரத்துக்கு அப்பால் ரயில்கள் குறைவு, ஞாயிற்றுக்கிழமை இன்னும் குறைவு. போகும்போதே திரும்பும் டிக்கெட்டையும் சேர்த்து எடுத்துவிடுங்கள். மாலையில் வண்டலூர் கவுண்டரில் வரிசை நிற்கும்.

நிலையத்திலிருந்து பூங்கா நடக்கும் தூரம்தான். ஆனால் நடுவில் ஜி.எஸ்.டி. சாலை இருக்கிறது. தெற்கே போகிற அத்தனை வண்டியும் அதில்தான் போகும். குழந்தைகளின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். ஆட்டோ பிடித்தால் ஏறும் முன்பே பேசிக்கொள்ளுங்கள். முதல்முறை நாங்கள் ஆட்டோவுக்குக் கொடுத்த பணத்தில் மின்சார ரயிலில் மூன்று முறை போய் வந்திருக்கலாம், அதுவும் பூட்டிய கேட்டைப் பார்க்க.

வெளியூரிலிருந்து அரசுப் பேருந்தில் வருகிறவர்களுக்கு இப்போது வசதி. தென்மாவட்டப் பேருந்துகள் கிளாம்பாக்கம் பேருந்து முனையத்தோடு நின்றுவிடுகின்றன, அங்கிருந்து வண்டலூர் பக்கம்தான். இரவுப் பேருந்தில் விடியற்காலையில் இறங்கி, அங்கேயே முகம் கழுவி, இட்லி சாப்பிட்டுவிட்டு, கதவு திறக்கும்போது போய் நிற்கலாம். எங்கள் ஊரிலிருந்து வந்த மாமா குடும்பம் அப்படித்தான் செய்தது. எங்களைவிட அவர்கள் அதிகம் பார்த்தார்கள்.

4. வாசலில்

காலை 9 மணிக்குத் திறக்கிறார்கள். 8.45-க்கு அங்கே இருங்கள். இந்தக் கட்டுரையில் வேறெதையும் மறந்தாலும் இதை மறக்காதீர்கள். நாங்கள் இரண்டாம் முறை போனது மே மாதத்தில், உள்ளே நுழைந்தபோது 11.30. சிங்கம் இருந்த இடத்தில் ஒரு வால் மட்டும் தெரிந்தது. "அப்பா, இது நிஜமா, பொம்மையா?" என்று மகன் கேட்டான். வால் கொஞ்சம் அசைந்தது. அதுதான் அன்றைய மொத்தக் காட்சி.

உள்ளே பிளாஸ்டிக் பைகளுக்கு அனுமதி இல்லை. தண்ணீர் பாட்டில் கொண்டுபோனால் அதில் ஸ்டிக்கர் ஒட்டி, பத்து ரூபாய் முன்பணம் வாங்கிக்கொண்டார்கள். வெளியே வரும்போது பாட்டிலைக் காட்டினால் பணம் திரும்பக் கிடைக்கும். எவர்சில்வர் பாட்டில் இருந்தால் அதையே எடுத்துப் போங்கள், இந்த வேலையே இல்லை. குடிநீர் உள்ளேயே பல இடங்களில் கிடைக்கிறது. பெரிய பைகள் வேண்டாம். தோளில் மாட்டும் துணிப்பை ஒன்று, தொப்பி, பழைய செருப்பு போதும். மனைவி புதுச் செருப்புப் போட்டு வந்ததைப் பற்றி இங்கே எழுதக் கூடாது என்று உத்தரவு.

நுழைந்ததும் வரைபடப் பலகை இருக்கும். அதைச் செல்பேசியில் படம் பிடித்துக்கொள்ளுங்கள். எல்லாரும் அதன் முன்னால் நின்று குடும்பப் படம் எடுப்பார்கள், கொஞ்சம் பொறுமையாகக் காத்திருந்து பலகையை மட்டும் எடுங்கள்.

5. நடையா, வண்டியா

மூன்று வழிகள்: நடை, வாடகைச் சைக்கிள், பேட்டரி வண்டி. முழங்கால் வலி உள்ளவர்களும் கைக்குழந்தைக்காரர்களும் யோசிக்காமல் பேட்டரி வண்டி எடுங்கள். ஆனால் அதில் ஒரு குறை உண்டு. முக்கியமான இடங்களில் சில நிமிடங்கள்தான் நிற்கும். விலங்கு வெளியே வரும்வரை காத்திருக்க வண்டியில் இருப்பவர்கள் விடமாட்டார்கள். அம்மா வண்டியில் ஒரு சுற்றுப் போய்விட்டு, "எல்லாத்தையும் பார்த்தாச்சு, ஒண்ணும் பாக்கலை" என்றார். அவ்வளவு சரியாக என்னால் சொல்ல முடியாது.

நாங்கள் கண்டுபிடித்த வழி இது. அம்மா, மனைவி, சின்னவள் மூவரும் காலை முதல் வண்டியில் ஒரு சுற்றுப் போய்வந்தார்கள். எது எங்கே, எந்த விலங்கு வெளியே இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. அதற்குள் நானும் மகனும் நடந்து குரங்குகளையும் பறவைகளையும் பார்த்தோம். பிறகு எல்லாரும் சேர்ந்து, அம்மாவுக்குப் பிடித்த நாலு இடங்களுக்கு மட்டும் மெதுவாக நடந்தோம். சிமெண்டு பெஞ்சுகள் ஆங்காங்கே இருக்கின்றன. எல்லா இடத்திலும் நிழல் இருக்காது. 2016 டிசம்பரில் வர்தா புயல் இங்கே ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தது, அதன் சுவடு சில பாதைகளில் வெயிலாக உங்கள் தலையில் இறங்கும்.

சிங்கங்கள் உலவும் இடத்துக்குள்ளேயே கூட்டிப் போகும் சஃபாரி வண்டி அன்று ஓடுகிறதா என்பதை டிக்கெட் எடுக்கும்போதே கேட்டுவிடுங்கள். ஓடினால் முதல் ஓட்டத்துக்குப் போங்கள். மதியத்துக்குத் தள்ளிப்போட்டால் வரிசையும் நீளும், சிங்கமும் படுத்துவிடும்.

6. பார்க்கும் வரிசை

இனி முக்கியமான விஷயம். பெரும்பாலானவர்கள் நுழைந்ததும் பாதை போகிற போக்கில் போகிறார்கள். அப்படிப் போனால் காலையில் மான்களையும் மதியம் புலியையும் பார்ப்பீர்கள், அதாவது தலைகீழாக. மான் எந்த நேரத்திலும் நிற்கும். புலி நிற்காது.

காலை 9 முதல் 10.30 வரை: பெரிய பூனைகள்.

இரவுக் கூடத்திலிருந்து திறந்த வெளிக்கு விட்டவுடன் புலி தன் எல்லையைச் சுற்றி நடக்கும், மரத்தை முகரும், சில சமயம் தண்ணீரில் இறங்கும். வெயில் ஏறியதும் படுத்துவிடும். இங்கே பெரும்பாலான விலங்குகளைக் கம்பிக் கூண்டில் வைப்பதில்லை. அகழி வெட்டி, அந்தப் பக்கம் காடுபோல் விட்டிருக்கிறார்கள். விலங்குக்கு நல்லது. நமக்கு அது எங்கே இருக்கிறது என்று தேட வேண்டியிருக்கிறது. புதரின் நிழல், நீர்த்தொட்டியின் ஓரம், பின்பக்கச் சுவர், இந்த மூன்றையும் முதலில் பாருங்கள். ஐந்து நிமிடம் பேசாமல் நின்றால் போதும். எங்களுக்கு முன்னால் நின்ற கூட்டம் "ஒண்ணும் இல்ல, வாங்கடா" என்று நகர்ந்த அரை நிமிடத்தில் புலி எழுந்து வந்தது.

வெள்ளைப்புலிக்குத்தான் எப்போதும் கூட்டம். அது தனி இனம் இல்லை, வங்கப்புலிதான். நிறத்தைத் தீர்மானிக்கும் மரபணு ஒன்று தாய், தந்தை இருவரிடமிருந்தும் ஒரே மாதிரி வந்து சேர்ந்தால் இப்படிப் பிறக்கும். 1951-ல் ரேவா காட்டில் பிடிபட்ட மோகன் என்ற ஆண் குட்டியின் வழி வந்தவைதான் உயிரியல் பூங்காக்களில் இருக்கும் வெள்ளைப்புலிகளில் பெரும்பாலானவை. பக்கத்தில் யாராவது "இது இமயமலைப் பனிப்புலி" என்று பிள்ளைக்குச் சொல்லிக்கொண்டிருப்பார். திருத்தப் போகாதீர்கள், நான் போய் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

10.30 முதல் 12 வரை: குரங்குகள், யானை, கரடி, பட்டாம்பூச்சி.

சிங்கவால் குரங்கைத் தவறவிடாதீர்கள். உலகத்திலேயே மேற்குத் தொடர்ச்சி மலையில் மட்டும் வாழ்வது. முகத்தைச் சுற்றி வெள்ளிப் பிடரி, வால் நுனியில் சிங்கத்துக்கு இருப்பதுபோல் ஒரு குஞ்சம். களக்காடு மலை எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம் என்றே சொல்லலாம், அங்கே ஒரு முறைகூட நான் இதைப் பார்த்ததில்லை. பார்ப்பதற்கு வண்டலூர் வர வேண்டியிருந்தது. நீலகிரிக் கருமந்தியும் நம் மலைக்காரர்தான். இரண்டும் கறுப்பு என்பதால் குழந்தைகள் குழப்பிக்கொள்வார்கள். கருமந்திக்கு வால் நீளம், தலைமுடி பழுப்பு.

சிம்பன்சியின் முன்னால் கத்துகிறவர்கள் நடுவில் நின்று பயனில்லை. கூட்டம் நகரும்வரை விட்டுவிட்டுப் பிறகு வாருங்கள். சத்தம் இல்லாதபோது அது உங்களை உட்கார்ந்து பார்க்கும். அந்தப் பார்வை கொஞ்சம் சங்கடமாகத்தான் இருக்கும்.

யானையிடம் அம்மா அரை மணிநேரம் நின்றார். கோயில் யானையையே பார்த்துப் பழகியவருக்கு நெற்றியில் பட்டை இல்லாத யானை புதுசு. "இதுக்கு நாமம் போட ஆள் இல்லையே" என்று ஒரே கவலை.

கரடியில் இரண்டு வகை இருக்கிறது. நம் காடுகளில் கரையான் புற்றைத் தோண்டும் கரடி ஒன்று, இமயமலைக் கருங்கரடி இன்னொன்று. இரண்டுக்கும் மார்பில் வெளிறிய வளைவு உண்டு, அதை வைத்துப் பிரிக்க முடியாது. மூஞ்சியைப் பாருங்கள்: நம் கரடிக்கு மூக்கு நீளம், வெளுப்பு, முடி பரட்டை.

பட்டாம்பூச்சிப் பூங்காவுக்கு வெயில் வேண்டும். மேகமாக இருந்தால் பூச்சிகள் இலைக்கடியில் ஒட்டிக்கொண்டிருக்கும். அதனால் வெயில் நன்றாக விழும் பத்தரை, பதினொரு மணிதான் சரி. சின்னவள் அன்று அதிகம் சிரித்தது இங்கேதான். 600 ஹெக்டேர் காட்டையும் புலியையும் காட்டினாலும் மூன்று வயதுக்கு உள்ளங்கை அகலப் பூச்சிதான் பெரிசு.

12 முதல் 2.30 வரை: நீரும் நிழலும்.

இந்த நேரத்தில் தண்ணீரில் இருக்கும் விலங்குகளையும் உள்ளரங்குகளையும் பாருங்கள். நீர்யானை பகல் முழுக்கத் தண்ணீரில்தான். முதலில் குளம் காலியாக இருப்பதுபோல் தெரியும். இரண்டு காது, இரண்டு கண், இரண்டு மூக்குத்துளை மேலே வரும், மூச்சு விட்டுவிட்டு மறுபடியும் போய்விடும். அடுத்த தடவை வர ஐந்து நிமிடம்கூட ஆகலாம். மகன் செல்பேசியில் நேரம் பார்த்துக்கொண்டு நின்றான். ஒரு எச்சரிக்கை: நீர்யானை சாணம் போடும்போது வாலை விசிறிபோல் சுழற்றி நாலாபக்கமும் தெளிக்கும். பின்பக்கத்தைத் திருப்பிக்கொண்டு நிற்கிற நீர்யானைக்குப் பக்கத்தில் நின்று படம் எடுக்க வேண்டாம்.

முதலைகள் வாயைத் திறந்துகொண்டு சிலைபோல் கிடக்கும். கோபமும் இல்லை, பசியும் இல்லை, உடம்புச் சூட்டைத் தணித்துக்கொள்கிறது. "உயிரோட இருக்கா" என்று பார்க்கக் கல்லை எறிகிறவர்களை எங்கள் கண்ணாலேயே பார்த்தோம். சதுப்புநில முதலையையும் கங்கை நதி முதலையையும் வேறுபடுத்திப் பார்க்கக் குழந்தைகளுக்குச் சொல்லிக் கொடுங்கள். கங்கை முதலைக்கு வாய் குச்சிபோல் நீளமாக இருக்கும், வளர்ந்த ஆணின் மூக்கு நுனியில் ஒரு சின்னக் கலயம் கவிழ்த்ததுபோல் புடைப்பு இருக்கும். மீன் தின்பது அது.

பாம்புகள் இருக்கும் இடத்துக்கும் இதே நேரம்தான். வெளியே வெயில் கொளுத்தும்போது பாம்புக்கு முன்னால் நிழலில் நிற்பது எவ்வளவோ மேல். அம்மா மட்டும் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். "வீட்டுக் கொல்லைல பார்த்தது போதும்."

2.30 முதல் 4 வரை: மேயும் கூட்டம், பெரிய பறவைகள்.

காட்டெருமை என்று நாம் சொல்லும் விலங்கு எருமையே இல்லை. காட்டுமாடு என்பதுதான் சரியான பெயர். காட்டு மாட்டினங்களிலேயே பெரியது. முழங்காலுக்குக் கீழே வெள்ளைக் காலுறை போட்டதுபோல் இருக்கும். நின்ற இடத்தில் நின்று அசைபோட்டுக்கொண்டிருக்கும், பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

மான்களிடம் பிள்ளைகளுக்கு ஒரு வேலை கொடுங்கள்: எதற்குக் கொம்பு கிளைவிட்டிருக்கிறது, எதற்கு முறுக்கிக்கொண்டிருக்கிறது? புள்ளிமானுக்கும் கடமானுக்கும் கிளைக்கொம்பு, அது விழுந்து மறுபடியும் முளைக்கும். வெளிமானுக்கு முறுக்குக்கொம்பு, விழாது. நெருப்புக்கோழியையும் ஈமுவையும் கண்டால் கால்விரலை எண்ணச் சொல்லுங்கள். முதலாவதற்கு இரண்டு, இரண்டாவதற்கு மூன்று. இதில் அரை மணிநேரம் சத்தமில்லாமல் போய்விடும், பெற்றோருக்கு அது பெரிய லாபம்.

கடைசி ஒரு மணிநேரம்: ஓட்டேரி ஏரி, பிறகு மறுபடியும் பூனைகள்.

ஓட்டேரி ஏரிக்கு நிறையப் பேர் போவதில்லை, கூண்டு இல்லாததால் அங்கே ஒன்றும் இல்லை என்று நினைக்கிறார்கள் போல. ஜனவரியில் போய்ப் பாருங்கள். நத்தைக்குத்தி நாரை, நீர்க்காகம், பாம்புத்தாரா, இராக்கொக்கு எல்லாம் மரங்களை நிறைத்துக்கொண்டு இருக்கும். மாலையில் இரை தேடப் போனவை திரும்பி வரும், இரவில் மேய்கிறவை கிளம்பும். யாரும் அவற்றைக் கட்டி வைக்கவில்லை. எங்கள் மொத்தப் பயணத்தில் எனக்குப் பிடித்த இடம் இதுதான். இரவல் பைனாகுலர் ஒன்று கிடைத்தால் எடுத்துப் போங்கள்.

அங்கிருந்து வரும் வழியில் சிங்கத்தையும் புலியையும் இன்னொரு தடவை எட்டிப் பாருங்கள். இறைச்சி மாலையில் இரவுக் கூடத்தில்தான் வைப்பார்கள். அதனால் நேரம் நெருங்க நெருங்க அவை எழுந்து கதவுப் பக்கமாக நடக்கும். மகன் அன்றுதான் சிங்கத்தின் வால் இல்லாத மீதியைப் பார்த்தான். ஒருமுறை கர்ஜிக்கவும் செய்தது, அவன் என் சட்டையைப் பிடித்துக்கொண்டான். வெளியே சொல்லக் கூடாதாம்.

இந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு எல்லாம் கண்ணில் படும் என்று எதிர்பார்க்காதீர்கள். குட்டி போட்டிருக்கும், உடம்பு சரியில்லாமல் இருக்கும், இடத்தைப் பழுது பார்ப்பார்கள். பிள்ளைகளிடம் "வெள்ளைப்புலி காட்டுறேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டுப் போகாதீர்கள், "போய்ப் பார்ப்போம்" என்று சொல்லிக் கூட்டிப் போங்கள்.

7. சாப்பாடு, கழிவறை

உள்ளே உணவகம் உண்டு. ஒரு மணிக்குப் போனால் வரிசை, 12-க்கே போய்ச் சாப்பிட்டுவிடுங்கள். கையில் தின்பண்டத்தோடு நடக்க வேண்டாம். கூண்டுக்கு வெளியே திரிகிற நாட்டுக்குரங்குகள் டிக்கெட் எடுக்காமலே வந்தவை, பிஸ்கட் பாக்கெட்டை நமக்கு முன்னால் பார்த்துவிடும். கழிவறை கண்ணில் பட்டால் தேவையோ இல்லையோ எல்லாரையும் அனுப்பிவிடுங்கள். அடுத்தது எங்கே என்று தேடி நடப்பதைவிட அது சுலபம்.

8. செய்யக் கூடாதவை

விலங்குக்குத் தீனி போடுவது, சீண்டுவது, கத்தி அதை மிரட்டுவது, குப்பை போடுவது எல்லாமே 1972-ஆம் ஆண்டின் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டம், பிரிவு 38ஜே-யின்படி குற்றம். அபராதம் மட்டுமில்லை, சிறைத் தண்டனைக்கும் இடம் இருக்கிறது. ஒரு சிப்ஸ் பாக்கெட்டுக்கு அவ்வளவு தேவையில்லை.

இன்னொன்று, சளியோ காய்ச்சலோ இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். 2021 ஜூனில் இந்தப் பூங்காவின் சிங்கங்களுக்கே கொரோனா தொற்றி இரண்டு இறந்தன. குறிப்பாகக் குரங்கினங்களுக்கு நம் தொற்று எளிதில் போய்ச் சேரும்.

9. திரும்புவது

டிக்கெட் கவுண்டர் மாலையில் சீக்கிரமே மூடிவிடும், மூடும் நேரத்தை உள்ளே போகும்போதே பலகையில் பார்த்துவிடுங்கள். மூடுவதற்கு அரை மணிநேரம் முன்பு வாசலை நோக்கி நடக்க ஆரம்பியுங்கள். தூரம் அதிகம், பிள்ளைகளைத் தூக்க வேண்டியும் வரும். அலுவலகம் விடும் நேரத்தில் ஜி.எஸ்.டி. சாலை நகராது. அதனால் காரில் வந்தவர்களும் அரை மணிநேரம் டீக் கடையில் கழித்துவிட்டுக் கிளம்பலாம். ரயிலில் வந்தவர்களுக்கு அந்தக் கவலை இல்லை. எதிர்த்திசையில் போவதால் தாம்பரம் வரை உட்கார இடம் கிடைத்தது.

பாட்டில் முன்பணத்தை வாங்க மறக்காதீர்கள். நாங்கள் மறந்துவிட்டுச் சாலை வரை வந்துவிட்டோம். நாள் முழுக்க "முட்டி வலிக்குது" என்று சொன்ன அம்மா, காலி பாட்டிலைக் கையில் எடுத்துக்கொண்டு தனியாகத் திரும்பி நடந்து போய்ப் பத்து ரூபாயை வாங்கிக்கொண்டு வந்தார்.